கன்னு வச்சா காய்க்க ஏழு வருஷம்

“நீங்க கவலைப்படாதீங்கப்பா, நாங்க பாத்துக்குறோம்.”

2020, 2021 இரண்டு வருடமும் நானும் தம்பியும் அப்பாவிடம் இதை எத்தனை முறை சொல்லியிருப்போம் என்று கணக்கில்லை. அன்பில்தான் சொன்னோம். அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார், தோப்பு விழுந்துவிட்டது, தலையில் கடன். இனியாவது மனுஷன் நிம்மதியாக உட்காரட்டும் என்று நினைத்தோம். அந்தப் பேச்சுதான் அவரைக் கட்டிலோடு கட்டிப் போட்டது என்பது, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. டெல்டாவில் இன்றைக்கும் பல வீடுகளில் இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் எங்கள் வீட்டில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவில். புது ஆற்றுப் பாசனம். கல்லணைக் கால்வாயை நாங்கள் புது ஆறு என்றுதான் சொல்வோம். கடைமடைக்குத் தண்ணீர் ஏறாத வருடங்கள் கூடக்கூட, நெல்லை மட்டும் நம்ப முடியாமல் எங்கள் பக்கத்தில் பலர் தென்னைக்கு மாறினார்கள். அப்பாவும் 1986-ல் தன் பன்னிரண்டு மாவில் பாதியைத் தோப்பாக்கினார். (மூன்று மா என்பது ஏறக்குறைய ஒரு ஏக்கர்.) நூற்று நாற்பது மரம். மீதி ஆறு மா நெல்.

அப்பாவிடம் ஒரு நீள நோட்டு உண்டு. காலையில் டீக்கடைக்குப் போய்ப் பேப்பரில் மேட்டூர் நீர்மட்டம் பார்ப்பார். வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் முதல் வரியாக எழுதுவார். அதன் கீழே மோட்டார் ஓடிய மணி, ஆள் கூலி, காய் வெட்டில் வந்த எண்ணிக்கை, யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது. ‘கொடுத்தது’ என்று தனியாக ஒரு பத்தி. கோயிலுக்கு ஒரு மூட்டை, கல்யாணத்துக்கு மொய், பிள்ளைக்குப் பரீட்சைப் பணம் கட்ட முடியாமல் வந்து நின்றவருக்கு இருநூறு. ‘வாங்கியது’ என்ற பத்தியில் அநேகமாக எதுவும் இருக்காது.

2012 முதல் 2019 வரை எட்டு வருடம், வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறக்கவில்லை. அந்தத் தண்ணீரை நம்பி நடுகிற குறுவை நெல், அந்த வார்த்தையே எங்கள் வீட்டில் மறந்துபோயிற்று. 2016-ல் செப்டம்பர் 20-ஆம் தேதி திறந்தார்கள். அந்த வருடம் வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. சம்பா கதிர் வரும் முன்னே கருகிற்று. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சிப் பகுதியாக அறிவித்தார்கள். இதற்கு நடுவில் 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு, ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பேங்க் என்றால் கூட்டுறவு சொசைட்டிதான். அங்கே பழைய நோட்டை வாங்கக் கூடாது என்று ஒரே வாரத்தில் உத்தரவு வந்துவிட்டது. அம்மாவின் வைத்தியத்துக்கென்று பீரோவில் வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு அப்பா டவுனில் வரிசையில் நான்கு நாள் நின்றார். அவர் ஒருவரிடமும் குறை சொல்லவில்லை. 2017 ஆவணியில் அம்மா போய்விட்டார். சர்க்கரை, பிறகு கிட்னி.

2018 ஐப்பசி கடைசியில் கஜா புயல். நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறி, எங்கள் தலைமேல்தான் போனது. விடிந்ததும் அப்பா தோப்புக்குப் போய் எண்ணிவிட்டு வந்தார். நூற்றுப் பன்னிரண்டு மரம் சாய்ந்திருந்தது. நிவாரணம் மரத்துக்கு 1,100 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்துகிற காசும் அதற்குள்ளேதான். விழுந்த மரத்தைச் சூளைக்காரர்கள் வந்து அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள்.

அப்போதுகூட அவர் உடையவில்லை. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத ஊருக்கு ஜெனரேட்டர் வரவழைத்து, தெருத் தெருவாக டேங்கில் தண்ணீர் ஏற்றியவர்களில் அவரும் ஒருவர். “உங்கப்பா இரும்பும்மா” என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பினேன். பெரிய அடி விழுந்த மாதத்தில் ஒருவர் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து, அவர் தாண்டிவிட்டார் என்று முடிவு கட்டியது எங்கள் முதல் தவறு. ஊரே விழுந்து கிடக்கும்போது ஒருவருக்கு ஒருவர் துணை இருக்கும், கைநிறைய வேலையும் இருக்கும். அதெல்லாம் அடங்கி, அவரவர் வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் மனச்சோர்வு வருகிறது.

ஒன்று மட்டும் அப்போதே சொன்னார், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தம்பி வெளிநாட்டிலிருந்து போனில், “அப்பா, உடனே கன்னு வாங்கி ஊன்றிடுவோம், நெட்டை ரகமா பாருங்க” என்றான். அப்பா சிரித்தார். “கன்னு வச்சா காய்க்க ஏழு வருஷம்ப்பா. எனக்கு இப்பவே அறுவத்தெட்டு.”

பொருளாதாரம் விழுவது எல்லோருக்கும்தான் விழுகிறது. ஆனால் முப்பத்தைந்து வயதுக்காரனுக்கு அது நான்கு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்ட வேண்டிய ஒரு ஓடை. எழுபது வயதுக்காரருக்கு அக்கரை கண்ணில் படுவதில்லை. திரும்ப வேலைக்குப் போக முடியாது, கடன் கொடுக்கிறவன் வயதைக் கேட்கிறான், ஊன்றிய கன்று காய்ப்பதைப் பார்ப்போமா என்றே தெரியாது. அப்பாவின் அந்தச் சிரிப்பில் இது அத்தனையும் இருந்தது.

2020-ல் கொரோனா. வளைகுடாவில் தம்பி வேலை பார்த்த கம்பெனி மூன்று மாதச் சம்பளத்தைப் பாக்கி வைத்துவிட்டு ஆட்களை அனுப்பிவிட்டது. மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஊருக்கு வந்து சேர்ந்தான். வந்தவன் பொறுப்பான பிள்ளை. கடன் சீட்டு, நகை ரசீது, சொசைட்டி பாஸ்புத்தகம், அப்பாவின் பேங்க் பாஸ்புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டுத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டான். “இனிமே நீங்க எதுக்குப்பா அலையணும், நாங்க பாத்துக்குறோம்.” போனில் நானும் அதையே சொன்னேன். கடன்காரர் யாராவது வந்தால் அப்பா காதில் விழாதபடி வாசலிலேயே பேசி அனுப்பினான். பிஎம் கிசான் பணம் நான்கு மாதத்துக்கு ஒருமுறை இரண்டாயிரம் அப்பா பெயரில்தான் வரும். அதையும் தம்பியே எடுத்து வீட்டுச் செலவுக்குப் போட்டான். எல்லாம் நல்ல எண்ணம்தான்.

பின்னால் ஒரு நாள் அந்த நீள நோட்டை எடுத்துப் பார்த்தேன். 2020 ஆகஸ்ட் நடுவில் ஒரு பக்கம். மேலே மேட்டூர் நீர்மட்டம் எழுதியிருக்கிறது. கீழே ஒன்றுமில்லை. அடுத்த பக்கத்தில் தேதி மட்டும். அதற்குப் பிறகு எல்லாம் வெற்றுத்தாள்.

முதலில் வயிறுதான் வந்தது. நெஞ்சுக்கரிப்பு, பசியில்லை, மலச்சிக்கல், காலெல்லாம் பாரம். ஸ்கேன் எடுத்தோம், ஈசிஜி எடுத்தோம், வாய் வழியாகக் குழாய் விட்டும் பார்த்தார்கள். எல்லாம் நார்மல் என்றார்கள். ஒவ்வொரு நார்மலுக்கும் நாங்கள் மூச்சு விட்டோம், அவர் இன்னும் கொஞ்சம் சுருங்கினார். “என்னால இன்னும் செலவுதான்” என்றார். ராத்திரி ஒன்பதுக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வார். ஒரு தனியார் டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். அதைப் போட்ட ஐந்தாம் நாள் கொல்லைப்படியில் விழுந்து முழங்கை பெயர்ந்தது. பிறகு மறதி. மோட்டார் கொட்டகையைப் பூட்ட மறந்தார், பேரன் பெயரை மாற்றிக் கூப்பிட்டார். “எனக்கு மறதி நோவு வந்துட்டு ஆயி” என்று அவரே என்னிடம் சொன்னார். (என்னை ஆயி என்றுதான் கூப்பிடுவார்.)

அவர் தலைமுறைக்கு ‘மனசு சரியில்லை’ என்று சொல்ல வாய் வராது. வயிறு சரியில்லை, கால் ஓயுது, மயக்கமா வருது என்றுதான் வரும். அது நடிப்பும் இல்லை, சாக்கும் இல்லை. உண்மையிலேயே வயிறு எரிகிறது. சோதனையில் ஒன்றும் தெரியாமல், தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்த காரியத்தில் நாட்டமும் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது என்றால், அடுத்த ஸ்கேனுக்கு முன்னால் மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும். எங்களுக்கு அது தெரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. மறதியைப் பற்றியும் டாக்டர் பின்னால் சொன்னார்: மூளைத் தேய்வில் வருகிற மறதியைப் பெரும்பாலும் வீட்டார்தான் கண்டுபிடிப்பார்கள், அவர் மழுப்பப் பார்ப்பார். மனச்சோர்வில் வருகிற மறதியை அவரே சொல்லி வருந்துவார், எதைக் கேட்டாலும் தெரியலை என்பார். இதை வைத்து நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனால் ‘வயசானா மறதி வரத்தான் செய்யும்’ என்று விட்டுவிடவும் கூடாது.

நான் இன்றுவரை மனதில் போட்டு உழப்பிக்கொள்வது வேறொன்று. தன் சைக்கிளைக் காய் வெட்டுகிற ஆளுக்குச் சும்மா கொடுத்துவிட்டார். பட்டா, கிஸ்தி ரசீதெல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டு, “இதைத் தஞ்சாவூருக்கு எடுத்துட்டுப் போ ஆயி. எனக்கு அப்புறம் யாரும் தேட வேணாம்” என்றார். அப்பா எவ்வளவு தெளிவாக இருக்கிறார் என்று மெச்சிக்கொண்டே பையை வாங்கி வந்தேன். வயதானவர் திடீரென்று பொருளைப் பிரித்துக் கொடுப்பதும், கணக்கை முடித்து ஒப்படைப்பதும், ‘எனக்கு அப்புறம்’ என்று அடிக்கடி சொல்வதும் எவ்வளவு பெரிய எச்சரிக்கை என்று எனக்கு அப்போது தெரியாது. இதைப் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்களைக் காப்பாற்றியது மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். எங்கள் ஊருக்கு வந்த தன்னார்வலப் பெண் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்க வீடு வீடாக வருவார். பக்கத்து ஊர்ப் பெண், படிப்பும் அதிகமில்லை. அன்று நான் லீவில் வந்திருந்தேன், அடுப்படியில் காபி வடிகட்டிக்கொண்டிருந்தேன். அவர் பிரஷர் பட்டையை அவிழ்த்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்:

“ஏன்யா, காலையில முழிச்சா, ஏன்டா விடிஞ்சுதுன்னு இருக்கா?”

பதில் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அவர் அப்படி அழவில்லை. அந்தப் பெண் அவசரப்படவில்லை. அழாதீங்க என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, குரலைக்கூட மாற்றாமல், “செத்துப் போயிடலாம்னு தோணுதாய்யா?” என்றார். எனக்குக் கை நடுங்கிற்று. இப்படியா கேட்பது, இல்லாத எண்ணத்தை இவளே உண்டாக்கிவிடுவாளே என்று பதறினேன்.

“தோணாத நாளு இல்லம்மா” என்றார் அப்பா.

கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது நம் பயம்தான். மனநலத் துறையில் இருப்பவர்கள் நேராகக் கேட்கத்தான் சொல்கிறார்கள். கேட்ட பிறகுதான் ஒரு வருடமாக அவர் தனியாகச் சுமந்ததை இறக்கி வைத்தார். அன்று சாயங்காலமே தம்பி மோட்டார் கொட்டகையில் இருந்த பூச்சிமருந்தையெல்லாம் அப்புறப்படுத்தினான். விவசாய வீடுகளுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: வீட்டில் யாராவது இந்த நிலையில் இருந்தால் மருந்து வீட்டிலும் வேண்டாம், கொட்டகையிலும் வேண்டாம். தேவைப்படுகிற அன்று வாங்கி அன்றே அடித்துவிடுங்கள். அவரை இரவில் தனியாக விடாதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-க்கும் கூப்பிடலாம். முதியோர் உதவிக்கென்றே 14567 இருக்கிறது. நானே ஒரு நள்ளிரவில் 14416-க்குப் பேசினேன், பார்த்துக்கொள்கிறவர்களும் பேசலாம்.

மனநலப் பிரிவு என்றதும் அப்பா முகம் மாறிற்று. ‘பைத்தியம்’ என்ற சொல் அவர் மனதில் ஓடியிருக்கும். “தூக்கத்துக்கும் பசிக்கும் பாக்குற டாக்டர்ப்பா” என்றேன். பொய்யும் இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்கள் வாரத்தில் குறிப்பிட்ட நாளில் தாலுகா ஆஸ்பத்திரிக்கே வருவார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் நாளைச் சொல்வார்கள்.

இளம் வயது டாக்டர் அம்மா. எங்களை வெளியே அனுப்பிவிட்டு அப்பாவிடம் தனியாக அரைமணி நேரம் பேசினார். தைராய்டு, பி12, சோடியம் பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார். இவற்றில் கோளாறு இருந்தாலும் வயதானவர்களுக்கு இதே மாதிரி சோர்வும் மறதியும் வருமாம். அப்பாவுக்கு பி12 குறைவாக இருந்தது, ஊசி போட்டார்கள். மனச்சோர்வு மாத்திரையைக் குறைந்த அளவில் ஆரம்பித்தார். எங்களிடம் நன்றாக விளக்கினார்: மூன்று நான்கு வாரம் போனால்தான் பலன் தெரியும், முதல் வாரத்தில் குமட்டலாம், அதற்காக நிறுத்தாதீர்கள். தேறியதும் நிறுத்திவிடாதீர்கள், நான் சொல்கிறவரை மாதக்கணக்கில் போட வேண்டும். இந்த மாத்திரையில் சில வயதானவர்களுக்குச் சோடியம் இறங்கும், திடீரென்று உளறலோ அதிகத் தூக்கமோ வந்தால் உடனே கொண்டுவாருங்கள். மெடிக்கலில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கவே வாங்காதீர்கள். முழங்கை பெயர்ந்த கதையைக் கேட்டுத் தலையை ஆட்டினார்.

பிறகு தம்பியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

“இப்ப வீட்ல ஐயாவுக்கு என்ன வேலை?”

“ஒரு வேலையும் இல்ல டாக்டர். சும்மா ரெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டோம்.”

“எத்தனை வருஷமா வீட்டைப் பாத்துக்கிட்டாரு?”

தம்பி பதில் சொல்லவில்லை. அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். வேலை போய் ஊருக்கு வந்தவன், தான் எதற்காவது பயன்பட வேண்டும் என்ற தவிப்பில்தான் அப்பாவின் வேலையை எடுத்துக்கொண்டான். அவனுக்குப் போன அதே ஒன்றைத்தான் அவனை அறியாமல் அப்பாவிடமிருந்தும் எடுத்தான்.

மாத்திரை ஆரம்பித்து ஐந்தாவது வாரம், அப்பா கொஞ்சம் சாப்பிட ஆரம்பித்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திண்ணையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். தம்பி பைலைக் கொண்டுவந்து அப்பா மடியில் வைத்தான். “மொத்தக் கடன் எவ்வளவுன்னு நெனைக்கிறீங்கப்பா?” என்றேன்.

“ஒம்போது லட்சம் இருக்குமா?”

மூன்று லட்சத்து நாற்பதாயிரம். சொசைட்டியில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம், நகைக்கடன் ஒரு லட்சத்து அறுபதாயிரம், வெளியில் எழுபதாயிரம். மறைத்தால் அவர் கவலைப்படமாட்டார் என்று நினைத்தோம். அவர் வாசலில் முணுமுணுப்பைக் கேட்டு, தெரியாததைத் தானே பெருக்கி, ஒன்பது லட்சத்தைச் சுமந்துகொண்டு படுத்திருந்தார். மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்தது அந்த ஒன்பது லட்சத்தோடுதான்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “வெளிக்கடன் என்ன வட்டி?” மூணு வட்டி என்றான் தம்பி. “அப்ப மாசம் ரெண்டாயிரத்து நூறு. நகைக்கு மாசம் ஆயிரத்துச் சில்லறைதான். நீ எத முதல்ல கட்டிக்கிட்டு இருக்க?” தம்பி நகையை. மனைவியின் நகை என்பதால் அவனுக்கு அதுதான் உறுத்தியது. “மூணு வட்டிக்காரன முதல்ல முடிடா. அவன முடிச்சா நகை தானா திரும்பும்.” ஒரு பசுவை விற்று, அறுவடைப் பணத்தையும் சேர்த்து, பங்குனிக்குள் அதை முடித்தோம். அப்பாவுக்குச் சந்தோஷம் தரலாம் என்று கேட்ட யோசனை இல்லை அது. அவர் சொன்னதுதான் சரி, நாங்கள் ஒரு வருடம் தப்பாகக் கட்டியிருந்தோம். வயதானவருக்குப் பொழுதுபோக ஒரு வேலை கொடுங்கள் என்று பலர் சொல்கிறார்கள். விளையாட்டுக்குக் கொடுக்கிற வேலையை அவர்கள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் முடிவு செய்தால் ஏதாவது உண்மையில் மாற வேண்டும்.

பாஸ்புத்தகமும் ஏடிஎம் கார்டும் அவர் கைக்குத் திரும்பின. பிஎம் கிசான் இரண்டாயிரம் வந்த மறுநாள் அவர் டீக்கடைக்குப் போனார். ஒன்றரை வருடம் ஏன் போகவில்லை என்று அப்புறம்தான் சொன்னார். “அங்க போனா நாலு பேருக்கு நாமதான் டீ சொல்லணும். சட்டைப் பையில பத்து ரூவா இல்லாம எப்படிப் போறது?” தம்பியிடம் கேட்டிருந்தால் நூறு ரூபாய் கொடுத்திருப்பான். மகனிடம் கைநீட்டி வாங்கி, அதில் இன்னொருவருக்கு டீ வாங்கித் தர அவருக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டிலுள்ள பெரியவருக்குச் சின்னதாகவாவது ஒரு வருமானம், அவர் பெயரில், அவர் கையில், கணக்குக் கேட்காமல் இருக்கட்டும்.

அந்த வருடம் தை பிறக்கும் முன்னால் அப்பாவே உளுந்து பேச்சை எடுத்தார். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, ஈரம் காயும் முன்னே நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், பனியிலேயே வந்துவிடும். “எழுவது நாளு பயிரு. எழுவது நாளு இருப்பேன்ல” என்றார். தென்னங்கன்றுக்கு ஏழு வருடம் என்று சிரித்தவர், எழுபது நாளுக்குக் கணக்குப் போட ஆரம்பித்தது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. பத்து வருடத் திட்டத்தைச் சொல்லி அவர்களைத் தேற்ற முடியாது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு விளைச்சல் தெரிய வேண்டும்.

எங்கள் அப்பாவுக்கு நிலமாவது இருந்தது. எங்கள் வயலில் நாற்பது வருடம் நடவு நட்ட அக்கா ஒருவர், அப்பாவைவிட நாலைந்து வயது இளையவர், அவரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடித்தால் மனசாட்சி உறுத்தும். மேட்டூர் திறக்காத வருடங்களில் அப்பாவுக்குப் பயிர் போயிற்று என்றால் அவருக்குக் கூலி போயிற்று. அதற்கு நிவாரணம் என்று ஒன்றும் கிடையாது. பிறகு நடவு மெஷினும் அறுவடை மெஷினும் வந்தன. பத்துப் பெண்கள் வரிசை பிடித்துப் பேசிச் சிரித்துக்கொண்டு நட்ட அந்தக் கூட்டமே கலைந்துபோயிற்று. திருப்பூரில் இருந்த மகன் ஊரடங்கில் வெறுங்கையோடு வந்தான். ஒரு நாள் பார்த்தபோது பாதியாகியிருந்தார். “பசிக்கலம்மா, தூக்கம் வரல” என்றார். அப்பா சொன்ன அதே வார்த்தைகள். எனக்கும் மாத்திரை நினைவுதான் வந்தது. கூட உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது, பேரப்பிள்ளைகளுக்கு வரட்டும் என்று ராத்திரிச் சோற்றை அவர் நிறுத்தி ஒரு வருடமாகிறது. முதியோர் உதவித்தொகை ஆதார் விவரம் மாறியதில் ஆறு மாதமாக நின்றிருந்தது. விஏஓ ஆபீஸுக்கு மூன்று முறை அலைந்து அதைத் திரும்ப வரவழைத்தோம். அப்போது ஆயிரம், 2023-லிருந்து 1,200. ராத்திரிச் சாப்பாடு திரும்பியதும் பாதி சோர்வு போயிற்று. மீதிக்கு டாக்டரிடம் கூட்டிப்போனோம். எல்லாவற்றையும் மனநோய் என்று பேர் வைக்கக் கூடாது. பசியைப் பசி என்றுதான் சொல்ல வேண்டும்.

பெரியப்பா கதை இன்னொரு தினுசு. ரிட்டயரான பணத்தில் ஆறு லட்சத்தை டெபாசிட் போட்டு வட்டியில் வாழ்ந்தவர். ஒன்பது சதவீதம் இருந்தபோது மாதம் 4,500 வந்தது. 2020-ல் புதுப்பிக்கும்போது ஆறு சதவீதத்தை ஒட்டி இறங்கி, மாதம் மூவாயிரமாயிற்று. அவர் பேப்பரை நிறுத்தினார், பிறகு பால், பிறகு பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள். யாரிடமும் சொல்லவில்லை. வட்டி விகிதம் இறங்கியது என்று செய்தியில் கேட்கும்போது, இதை நம்பி நம் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை யோசியுங்கள். இப்போது அவருடைய பணம் போஸ்ட் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் அதற்கு 8.2 சதவீதமாக்கினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும்.

சொத்து விஷயமும் ஒன்று உண்டு. உடம்பு முடியாமல் கிடந்த காலத்தில் அப்பா, “எல்லாத்தையும் தம்பி பேருக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிடுறேன்” என்று பிடிவாதம் பிடித்தார். தம்பி நல்லவன்தான். ஆனாலும் மனச்சோர்வில் இருக்கிறவர் சொத்தை எழுதுவது தன் கதையை முடித்துவைக்கிற ஏற்பாடாகிவிடும். ஆறு மாதம் தள்ளிப்போடச் சொல்லி டாக்டரே சொன்னார். தேறிய பிறகு அந்தப் பேச்சே வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்த்து எழுதுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, பிரிவு 23-ன் கீழ், பராமரிக்காவிட்டால் கோட்டாட்சியரிடம் போய் அதை ரத்து செய்யக் கேட்கலாம்.

அப்பா முழுக்க மாறிவிட்டார் என்று சொல்லமாட்டேன். மாத்திரை ஒன்றரை வருடம் போட்டார், டாக்டர் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார். ஆனால் ஐப்பசி வந்தால் ஒரு மாதிரி ஆகிவிடுவார். காற்றின் சத்தத்துக்கு எழுந்து உட்காருவார், சாப்பாடு குறையும். அதனால் புரட்டாசி முடியும்போதே நாங்கள் தயாராகிவிடுகிறோம். டாக்டரை ஒருமுறை பார்த்துவிட்டு வருவார். நான் சனி ஞாயிறு ஊருக்குப் போய்விடுவேன். வடிகால் வெட்டுவது, ஓட்டை மாற்றுவது, மண்ணெண்ணெய், டார்ச், அரிசி எல்லாவற்றுக்கும் அப்பாதான் பட்டியல் போடுவார், தம்பி வாங்கிவருவான்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வருகிறது என்றார்கள். டெல்டாவில் இரண்டு நாள் விடாமல் மழை, சம்பா வயலெல்லாம் தண்ணீர். ராத்திரி இரண்டு மணிக்கு போன் அடித்தது.

“ஆயி, முழிச்சிருக்கியா?”

தூங்குங்கப்பா என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. “முழிச்சுதான்ப்பா இருக்கேன். வடிகால் ஓடுதா?” என்றேன். கீழ்க்கரையில் தம்பி மண்ணை வெட்டிவிட்டதைச் சொன்னார். மிச்சமிருக்கிற இருபத்தெட்டு மரத்தில் எது எது காற்று வாக்கில் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். உளுந்து விதை மேலே பரணில் ஏற்றியாயிற்று என்றார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். மணி மூன்று தாண்டியிருக்கும்.

“காத்து வடக்கே திரும்பிட்டுன்னு நெனைக்கிறேன். அங்க எப்படி இருக்கு?”

எழுந்து ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்த்தேன். தூறல்தான் என்று சொன்னேன்.